பாலங்கள் ஏன் விழுகின்றன? காரணம் காலடியில் இருக்கிறது

தம்போய் வட்டாரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் ஜொகூர் பாரு கடற்பாலத்தை நோக்கியும், மற்றவர்கள் துவாஸ் பக்கம் போகும் இரண்டாவது இணைப்பை நோக்கியும் விரைகிறார்கள். நெரிசல், குடிநுழைவுச் சோதனை, மழை, வேலைக்கு நேரமாகிறதே என்ற கவலை ஆகியவைதாம் அவர்கள் மனத்தில் இருக்கும். நம்மைத் தாங்கி நிற்கும் இந்தக் கட்டுமானம் இன்றைக்கும் தாங்குமா என்ற கேள்வி எவருக்கும் எழுவதில்லை. அப்படி எழாமல் இருப்பதே அந்தக் கட்டுமானத்துக்குக் கிடைத்த நற்சான்று.

இந்த இரண்டையும் நாம் பாலம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் 1924-இல் திறக்கப்பட்ட பழைய கடற்பாலம், உண்மையில் கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீள அணைக்கரை. அதற்குத் தூண்கள் கிடையாது. 1942 ஜனவரி 31-ஆம் நாள், ஜப்பானியரைத் தடுக்கப் பிரிட்டிஷ் படை வெடிமருந்து வைத்துத்தான் அதில் ஒரு பிளவை உண்டாக்க வேண்டியிருந்தது. 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்போ தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் பாலம். மேலே தார்ச்சாலை ஒன்றுபோலவே தெரிந்தாலும் கீழே இரண்டும் வேறு வேறு. காலில் நிற்கும் கட்டுமானத்துக்குக் காலில்தான் முதலில் நோய் வரும்.

வளரும் நாடுகளில் பாலங்கள் விழும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2024 ஜூன், ஜூலை மாதங்களில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. குஜராத்தில் 2025 ஜூலை 9-ஆம் நாள், மாஹி ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி வாகனங்களோடு ஆற்றுக்குள் இறங்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது 1985-இல் திறக்கப்பட்ட பாலம். நாற்பது வயது என்பது பாலத்துக்கு முதுமை அல்ல.

இத்தகைய செய்தியைப் படித்தவுடன் நம்மவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். "சிமெண்டுக்குப் பதிலாக மண்ணைப் போட்டிருப்பான், காசைச் சுருட்டியிருப்பான்." இது முழுப் பொய் அல்ல. ஆனால் இந்த ஒரு பதிலோடு நிறுத்திக்கொண்டால், நேர்மையாகக் கட்டிய பாலமும் விழுவது ஏன் என்று புரியாமலே போய்விடும்.

இந்தியாவில் 1977 முதல் 2017 வரை நாற்பது ஆண்டுகளில் விழுந்த 2,130 பாலங்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்யப்பட்டது. அவற்றில் 80 விழுக்காடு வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றங்களால் விழுந்தவை. கட்டுமானப் பொருள் நைந்து விழுந்தவை 10 விழுக்காடு. அளவுக்கு மீறிய பாரத்தால் விழுந்தவை 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விழுந்த பாலங்களின் சராசரி வயதோ 34.5 ஆண்டுகள்தாம். நூறாண்டு நிற்க வேண்டியவை நடுத்தர வயதிலேயே போய்விட்டன.

இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிட்டால் யார் மீதும் பழி இல்லை என்பதுபோல் தோன்றும். அப்படி விட்டுவிட முடியாது. ஆற்றில் வெள்ளம் வருவது புதுமையான செய்தி அல்ல. வெள்ளம் வரும் என்பதால்தானே அங்கே பாலமே கட்டுகிறோம்.

தண்ணீர் பாலத்தை எப்படிச் சாய்க்கிறது?

வெள்ளம் பாலத்தை முட்டித் தள்ளிவிடுகிறது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். சில நேரங்களில் அப்படியும் நடக்கும். மரங்களும் குப்பையும் வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீரின் உந்துதல் பல மடங்காகும். ஆனால் பெரும்பாலான பாலங்களைத் தண்ணீர் தள்ளிச் சாய்ப்பதில்லை. அவற்றின் காலடியிலிருந்து மண்ணைப் பறித்துச் சாய்க்கிறது.

தேசாரு கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் இதைத் தங்கள் காலிலேயே பார்த்திருப்பார்கள். அலை வந்து திரும்பும்போது அசையாமல் நின்றால், குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணல் சுரண்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று அலைக்குப் பிறகு கால் புதைந்து உடல் தள்ளாடும். நம்மை எந்த அலையும் தள்ளவில்லை, நாம் நின்ற தரைதான் காணாமல் போயிற்று.

பாலத்தூணுக்கும் இதுவே நேர்கிறது. வேகமாக வரும் நீர் தூணில் மோதியதும் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்கிறது. அது ஆற்றுப் படுகையைக் குடைந்து, தூணின் இரு பக்கமும் குதிரை லாடம்போல் வளைந்து சுழன்று, மணலைக் கிளறி அடித்துக்கொண்டு போகிறது. தூணைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. அடித்தளத்தின் ஆழத்தைப் பள்ளம் எட்டிவிட்டால் தூண் சாயும் அல்லது இறங்கும். ஒரு தூண் ஒரு சாண் இறங்கினாலே போதும், மேலே உள்ள தளம் தன் இருக்கையிலிருந்து நழுவிவிடும்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியும்போது, மேலிருந்து வரும் மணலும் சேறும் அந்தப் பள்ளத்திலேயே படிந்து மூடிவிடும். இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு, தூணைச் சுற்றித் தரை சமமாகத்தான் தெரியும். ஆனால் அங்கே இருப்பது இறுகிய பழைய மண் அல்ல, நேற்று வந்து விழுந்த தளர்ந்த மணல். அடுத்த வெள்ளத்தில் அது முன்னைவிட விரைவாகக் கரையும். பாலம் மூன்று வெள்ளத்தைத் தாங்கி நான்காவதில் விழுவதற்குக் காரணம் இதுதான். நான்காவது வெள்ளம் பெரிய வெள்ளமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நம் பெரியவர்களுக்கு அரியலூர் ரயில் விபத்து நினைவிருக்கலாம். 1956 நவம்பர் 23-ஆம் நாள், கனமழையில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் அரிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் வந்தபோது பெட்டிகள் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் பதவி விலகியதைத்தான் இன்றுவரை மேடைகளில் பேசுகிறோம். பாலத்தின் காலடியில் என்ன நடந்தது என்பதைப் பேசுவதில்லை.

மணலை அள்ளினால்?

வெள்ளம் மணலைப் பறிப்பது போதாதென்று, பல நாடுகளில் மனிதனும் லாரி வைத்துப் பறிக்கிறான். வீடு கட்ட மணல் வேண்டும். ஆற்று மணல்தான் நல்ல மணல். பாலம் இருக்கும் இடத்துக்குச் சாலை வசதியும் இருக்கும், ஆகவே அதன் அருகிலேயே அள்ளுவது எளிது. ஆற்றுப் படுகை ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போனால், முப்பது அடி ஆழத்தில் புதைத்த அடித்தளம், யாரும் தொடாமலே இருபது அடியாகி, பிறகு பதினைந்து அடியாகிவிடும்.

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்வந்தவர்கள் கொள்ளிடத்தின் பழைய பாலத்தைக் கண்டிருப்பார்கள். 1928-ஆம் ஆண்டுப் பாலம் அது. பக்கத்தில் புதிய பாலம் வந்ததால் 2016-இல் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டில் காவிரியில் திறந்துவிடப்பட்ட நீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டு ஓடியபோது, அதன் தூண்கள் சில சரிந்து ஆற்றில் போயின. உயிர்ச்சேதம் இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்த பாலம் அது. அந்த ஆண்டுகளில் கொள்ளிடத்தின் மணல் எவ்வளவு போனது என்பதை அப்பகுதி மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது ஏழை நாட்டு நோய் மட்டும் அல்ல. போர்த்துகலில் 2001 மார்ச் 4-ஆம் நாள், டூரோ ஆற்றின் மேல் இருந்த நூற்றாண்டு கடந்த பாலம் விழுந்து 59 பேர் இறந்தனர். பேருந்து ஒன்றும் கார்களும் இருட்டில் ஆற்றோடு போயின. மணல் அள்ளியதால் தூணின் பிடிமானம் போனது முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. அமைச்சர் உடனே பதவி விலகினார்.

பீகாரில் 2024-இல் நடந்ததும் இதன் மறுபக்கம்தான். அங்கே மணல் திருடவில்லை, நல்ல எண்ணத்தோடு ஆறுகளைத் தூர்வாரினார்கள். தூர்வாரும்போது பழைய பாலங்களின் அடித்தளத்தைப் பாதுகாக்கத் தவறிவிட்டார்கள் என்று மாநில அரசே கூறிப் பொறியாளர்கள் பலரை இடைநீக்கம் செய்தது. ஆற்றைப் பார்த்துக்கொள்வது ஓர் இலாகா, பாலத்தைப் பார்த்துக்கொள்வது இன்னோர் இலாகா. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் இருக்கும் தூணுக்கு யார் பொறுப்பு?

எந்த வெள்ளத்துக்குக் கணக்குப் போடுவது என்பதும் பெரிய சிக்கல். பாலம் கட்டும்போது, ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறையோ நூறு ஆண்டுக்கு ஒரு முறையோ வரக்கூடிய பெருவெள்ளத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பல பத்தாண்டுகளின் நீர் அளவுக் குறிப்பு வேண்டும். பல நாடுகளில் சிற்றாறுகளுக்கு அத்தகைய குறிப்பே இல்லை. இருக்கும் இடங்களிலும் காடு அழிந்து, வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. முன்பு மண் குடித்த மழை இப்போது கால்வாய் வழியாக நேரே ஆற்றுக்குள் ஓடுகிறது. நேற்றைய கணக்கு இன்றைய ஆற்றுக்குப் பொருந்துவதில்லை. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் மேல் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டப்பட்ட பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலையடுத்து அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் அது அடித்துச் செல்லப்பட்டது. கணக்கிட்டதைப்போல் பல மடங்கு நீர் வந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு விளக்கம். மூன்று மாதத்தில் போன பாலத்துக்கு அந்த விளக்கம் போதுமா என்று மக்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு.

தொங்கு பாலம்

தொங்கு பாலத்துக்குக் கால் ஆற்றில் இல்லை. அதன் உயிர் கரையில் இருக்கிறது. இரு பக்கக் கரையிலும் கனமான கான்கிரீட் கட்டையைப் புதைத்து, இரும்பு வடத்தை அதில் இழுத்துக் கட்டுகிறார்கள். பாலத்தில் ஏறும் ஒவ்வொருவரின் எடையும் அந்தக் கட்டையைப் பிடுங்கி எறியவே பார்க்கும். நடக்கும்போது பாலம் ஆடுவதால், நின்றுகொண்டிருப்பதைவிட இழுவிசை இன்னும் கூடும்.

2009 அக்டோபர் 26-ஆம் நாள் இரவு, பேராக் மாநிலம் கம்பார் அருகே கோலா டீபாங்கில் நடந்ததை நம் சமூகம் மறக்க முடியாது. பள்ளி முகாமுக்குச் சென்ற பிள்ளைகள் சுங்கை கம்பாரின் மேல் இருந்த தொங்கு பாலத்தைக் கடந்தபோது அது அறுந்து விழுந்தது. 22 மாணவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். மூன்று மாணவிகள் உயிரிழந்தார்கள். மூவரும் நம் வீட்டுப் பிள்ளைகள். அது பழைய பாலமும் அல்ல, அண்மையில்தான் கட்டப்பட்டிருந்தது. புதிது என்பதே பாதுகாப்பு என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பினோம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறலாம் என்பதும், கரையில் புதைத்த கட்டையை யார் சோதித்தார்கள் என்பதும், பிள்ளைகள் ஏறுவதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இத்தகைய சிறிய பாலங்களுக்கு அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதே இல்லை.

குஜராத்தின் மோர்பி நகரில் 2022 அக்டோபர் 30-இல் விழுந்தது இதற்கு நேர்மாறாக மிகப் பழைய தொங்கு பாலம். பல மாதங்கள் மூடிவைத்துப் பழுதுபார்த்து, மீண்டும் திறந்து நான்கே நாள் ஆகியிருந்தது. விடுமுறைக் கூட்டம் மொய்த்திருந்தபோது வடம் அறுந்து 135 பேர் மடிந்தனர். மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு கண்டது என்ன தெரியுமா? முதன்மை வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருப்பிடித்து, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்பதுதான். பழுதுபார்த்தவர்கள் மரப்பலகைகளை எடுத்துவிட்டுப் பளபளப்பான அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள். பார்வையாளர் கண்ணுக்குத் தெரிந்தது புதுத் தளம். வடம் அப்படியே பழையதாக இருந்தது.

கட்டும்போதே விழும் பாலங்கள் தனி வகை. கான்கிரீட் காயும்வரை அதைத் தாங்கி நிற்கும் தற்காலிக முட்டுகள்தாம் அங்கே பலவீனமான இடம். 2013 ஜூன் 6-இல் பினாங்கு இரண்டாவது பாலத்தின் பத்து மாவுங் பகுதியில், கட்டுமானத்தில் இருந்த ஏறுபாதை சாலையில் விழுந்து, காரில் சென்ற ஒருவர் உயிரிழந்தார்.

திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கிறது

பணக்கார நாடுகளில் பாலம் விழுவதில்லையா? விழுகிறது. அமெரிக்காவில் 1967 டிசம்பர் 15-இல் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். சங்கிலியின் ஓர் இணைப்புத் துண்டில், நெல் மணியின் நீளம்கூட இல்லாத விரிசல்தான் காரணம். இத்தாலியின் ஜெனோவாவில் 2018-இல் 43 பேர் மடிந்தனர். வேறுபாடு விழுவதில் இல்லை, விழுந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

சில்வர் பாலத்துக்குப் பின்னர்தான் அமெரிக்காவில் நாடு முழுவதும் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதன் பிறகும் 1987 ஏப்ரல் 5-இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் காலடி அரிக்கப்பட்டு விழுந்து பத்துப் பேர் இறந்தனர். அந்தப் பாலத்தைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தண்ணீருக்கு மேலே மட்டும். அதற்குப் பின் முக்குளிப்பவர்களை இறக்கி அடித்தளத்தைப் பார்ப்பதும், ஒவ்வொரு பாலத்துக்கும் அரிப்பு ஆபத்தைக் கணக்கிடுவதும் நடைமுறைக்கு வந்தன.

வளரும் நாடுகளில் பாலம் விழுந்தவுடன் விசாரணைக் குழு அமைக்கப்படும். அறிக்கை வெளிவருவது அரிது. வெளிவந்தாலும் அது குற்றவாளி யார் என்று தேடும், அதே வகைப் பாலம் இன்னும் எத்தனை நிற்கின்றன என்று தேடாது. பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்துக்கு அரசியலில் மதிப்பு இல்லை. புதுப் பாலத்துக்கு நாடா வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். பழைய பாலத்தின் அடியில் ஐந்து லாரி பாறாங்கல் கொட்டினோம் என்று எவரும் விழா எடுப்பதில்லை. ஆனால் தூணைக் காப்பது அந்தப் பாறாங்கல்தான். குறைந்த விலை சொன்னவருக்கே குத்தகை என்பதும், அவர் அதைத் துணைக் குத்தகையாளருக்கும் அவர் இன்னொருவருக்கும் கைமாற்றுவதும் சேர்ந்துகொண்டால், மிச்சம் பிடிக்க ஒரே இடம் மண்ணுக்குள் புதையும் பகுதிதான். அங்கே பத்து அடி குறைந்தால் யாருக்கும் தெரியாது.

மலேசியாவில் கூட்டரசுச் சாலைகளில் உள்ள பாலங்களைப் பொதுப்பணித்துறை ஆண்டுதோறும் சோதிக்கும் முறை இருக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள். ஒன்று என்றால் நல்ல நிலை, ஐந்து என்றால் ஆபத்து. இது நல்ல ஏற்பாடு. சிக்கல் அதற்கு வெளியே இருக்கும் பாலங்களில்தான். தோட்டத்துக்குள் செம்பனைக் குலை லாரி போகும் பாலம், கம்பத்துக்காரர்கள் நடக்கும் தொங்கு பாலம், முகாம் நடத்தும் இடத்தில் யாரோ போட்டுக்கொடுத்த பாலம் ஆகியவை யாருடைய கணக்கிலும் ஏறாமல் போகக்கூடும். கோலா டீபாங் பாலம் அந்த வகையைச் சேர்ந்தது.

பொறியாளர் வரும்வரை காத்திராமல் ஊர் மக்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு கைப்பிடி வரிசையைப் பாலத்தின் ஒரு முனையில் நின்று ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். நேராக இருந்த கோடு நடுவில் தாழ்ந்திருந்தால் அந்த இடத்துத் தூண் இறங்கியிருக்கலாம். வாகனம் ஏறும்போது முன்பு இல்லாத குலுக்கல் புதிதாகத் தோன்றினால், சாலையும் பாலமும் சேரும் இடத்தில் மண் போயிருக்கலாம். முன்பு தண்ணீருக்குள் மறைந்திருந்த அடித்தளத்தின் விளிம்போ காங்கிரீட் கழிகளோ வெளியே தெரிந்தால் படுகை தாழ்ந்துவிட்டது என்று பொருள். தொங்கு பாலமாக இருந்தால் கரையில் வடம் மண்ணுக்குள் இறங்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கட்டையைச் சுற்றி மண் வெடித்திருந்தாலும் வடத்தில் துருநீர் வழிந்திருந்தாலும், அன்றைக்கே அதில் ஆள் ஏறுவதை நிறுத்திவிட்டு மாவட்டப் பொதுப்பணித்துறைக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ படத்தோடும் தேதியோடும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தோட்டத்துப் பாலமாக இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதி, கடிதத்தின் நகலை மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பிவைக்கலாம்.